மனிதநேய ஆலோசனையா, அறிவுசார் நடத்தைச் சிகிச்சையா, உள இயக்கவியலா? தன்னைப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு ஓர் ஒப்பீடு

"நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்ற கேள்வியோடு உளவியலின் பக்கம் வருபவருக்கு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல விடைகள் காத்திருக்கின்றன. கார்ல் ரோஜர்ஸின் மனிதநேய வழியில் பயின்ற ஆலோசகர், உங்களுக்குள் இருக்கும் வளர்ச்சி விருப்பத்தை ஏதோ ஒன்று தடுத்து நிறுத்தியிருக்கிறது என்பார். ஆரன் பெக்கின் அறிவுசார் நடத்தை வழியில் வந்தவர், உங்களைப் பற்றி நீங்களே கொண்டிருக்கும் சில நம்பிக்கைகள் சோதிக்கப்படாமலே கிடக்கின்றன என்பார். ஃபிராய்டிலிருந்து கிளைத்த உள இயக்கவியல் மரபில் வந்தவரோ, பழைய உறவுகளின் நாடகத்தை நீங்கள் அறியாமலே திரும்பத் திரும்ப நடத்துகிறீர்கள் என்பார். மனிதநேய அணுகுமுறையைப் பற்றிப் படித்ததும் மனம் அதன்பால் சாய்கிறது, ஆனால் அதற்கு அறிவியல் சான்று குறைவு என்று கேள்விப்பட்டதும் தயக்கம் வருகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே வாசகர்கள் பலரின் கேள்வி. ஆலோசனை பெற நினைப்பவரை முன்னிறுத்தி இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். எந்த வழியில் பயிற்சி பெறுவது என்று யோசிக்கும் மாணவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. தற்கொலை எண்ணம், குரல்கள் கேட்பது, நாள்கணக்கில் உறக்கமோ உணவோ இல்லாமை போன்றவை இருந்தால், இந்த ஒப்பீட்டைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் மனநல மருத்துவரை அணுக வேண்டும். கீழே சொல்லப்படுபவை அந்த அவசரம் இல்லாதவர்களுக்கு உரியவை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நீங்கள் கொண்டுவரும் கேள்வியின் வடிவம். "மேடையில் பேச எழுந்தால் மூச்சு முட்டுகிறது" என்பது எல்லை தெளிவான சிக்கல். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இது என் வாழ்க்கை போலத் தெரியவில்லை" என்பது வேறு வகை. "ஒவ்வொரு நெருங்கிய உறவும் ஒரே இடத்தில் முறிகிறது" என்பது மூன்றாவது வகை. இந்த மூன்றும் ஒருவரிடமே இருக்கலாம். ஆனாலும் அவற்றுள் ஒன்று மற்றவற்றைவிட உரத்துப் பேசும்.

இரண்டாவது அளவுகோல் சான்று: அந்தச் சிக்கலுக்கு அந்த முறை பயன்படுகிறது என்பது எந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டிருக்கிறது என்பது. மூன்றாவது, காலமும் உழைப்பும். நான்காவதை யாரும் எளிதில் கேட்பதில்லை: முறை பலிக்கவில்லை என்றால் அது எவ்வளவு விரைவில் உங்களுக்குத் தெரியவரும்? மருந்து வேலை செய்யாவிட்டால் நோய் தானே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சு வழியான சிகிச்சையிலோ இதமான உரையாடலே முன்னேற்றம் போலத் தோன்றி ஆண்டுகள் கழிந்துவிடக்கூடும். என் கணிப்பில் முதலாவதும் நான்காவதுமே முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை.

மனிதனைப் பற்றிய எந்தக் கோட்பாடு உங்களுக்கு அழகாகத் தோன்றுகிறது என்பதை நான் அளவுகோலாகச் சேர்க்கவில்லை. பெரும்பாலானோர் அதை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும், மனிதநேய அணுகுமுறை அதனால்தான் பல நேரங்களில் பொருந்தாத இடத்தில் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதும் என் எண்ணம்.

## மனிதநேய அணுகுமுறை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க உளவியலை இரண்டு மரபுகள் ஆண்டன. ஒன்று, மனிதனை நனவிலி மோதல்களின் விளைவாகக் கண்ட உளப்பகுப்பாய்வு. மற்றொன்று, அவனைத் தூண்டலுக்கும் வெகுமதிக்கும் எதிர்வினை செய்பவனாகக் கண்ட நடத்தையியல். இரண்டுக்கும் மாற்றாக எழுந்ததால் மனிதநேய உளவியல் 'மூன்றாம் சக்தி' எனப்பட்டது. ஏபிரகாம் மாஸ்லோ 1943இல் மனிதத் தேவைகளின் படிநிலையை முன்வைத்தார். அதை இன்று எங்கும் காணும் கூம்பு வடிவில் வரைந்தவர் அவரல்லர், பின்வந்தவர்கள். தன் ஆற்றல்களை முழுமையாக வெளிப்படுத்தி வாழ்பவர்கள் யார் என்று ஆராய அவர் லிங்கன், ஐன்ஸ்டைன் போன்றோரைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்டார். தாம் போற்றியவர்களைப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்குப் பொதுவான குணங்களை மனித நலத்தின் அடையாளம் என்று சொன்னது அந்த ஆய்வின் அடிப்படைக் குறை. ஆலோசனை நாடுபவருக்கு மாஸ்லோவைவிட ரோஜர்ஸே முக்கியமானவர்.

ரோஜர்ஸின் ஆளுமைக் கோட்பாட்டைச் சுருக்கினால் இப்படி வரும். குழந்தைக்கு அன்பு தேவை. அந்த அன்பு சில நிபந்தனைகளோடு கிடைக்கும்போது, நிபந்தனைக்கு உட்படும் உணர்வுகளை மட்டும் 'நான்' என்று ஏற்றுக்கொண்டு மற்றவற்றை அது ஒதுக்கப் பழகுகிறது. கோபப்படாத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று வளர்க்கப்பட்டவர், நாற்பது வயதில் கோபம் வரும்போது அதைத் தலைவலியாகவோ களைப்பாகவோ உணரக்கூடும். உண்மையில் அனுபவிப்பதற்கும் தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரத்துக்கும் இடையில் விழும் இந்த இடைவெளியே துன்பத்தின் ஊற்று என்றார் ரோஜர்ஸ். நிபந்தனையால் விளைந்ததை நிபந்தனையற்ற ஏற்பு இளக்கும் என்பது இதன் தொடர்ச்சி. ஆளுமை மாற்றத்துக்குத் தேவையானவையும் போதுமானவையும் என்று 1957இல் அவர் வகுத்த நிபந்தனைகள் ஆறு. அவற்றில் ஆலோசகரின் பங்காகப் பெயர்பெற்றவை மூன்று: ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, பாசாங்கின்மை.

இதைத் தலையாட்டிக்கொண்டு கேட்டதையே திருப்பிச் சொல்லும் வித்தை என்று எண்ணுபவர்கள் உண்டு. 1966இல் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலைசா என்ற கணினி நிரல் இந்தப் பாணியைப் போலிசெய்து பெயர்பெற்றதும் அந்த எண்ணத்தை வலுப்படுத்தியது. ஆனால் ரோஜர்ஸ் வெறும் நல்லெண்ணத்தோடு நின்றவரல்லர். சிகிச்சை அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, ஒரு முழுச் சிகிச்சையின் சொல்லுக்குச் சொல்லான பதிவை 1942இலேயே வெளியிட்டவர் அவர். அந்தத் திறந்த மனம் அவருக்கு எதிராகவும் திரும்பியது. சார்ல்ஸ் ட்ரூவாக்ஸ் 1966இல் ரோஜர்ஸின் பதிவுகளையே ஆராய்ந்து, அவர் எல்லாப் பேச்சுக்கும் ஒரே அளவு பரிவு காட்டவில்லை, சில வகைப் பேச்சுக்குக் கூடுதலாகக் காட்டினார், அந்த வகைப் பேச்சு நாளடைவில் பெருகியது என்று காட்டினார். வழிநடத்தாத ஆலோசகரும் தம்மை அறியாமல் வழிநடத்துகிறார் என்பது இதன் பொருள். இந்த அணுகுமுறையைத் தேர்ந்தெடுப்பவர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

சான்றைப் பொறுத்தவரை, பரவலாக நம்பப்படுவதைவிட நிலைமை நன்றாகவே இருக்கிறது. 2000இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில், மனச்சோர்வுக்கு ரோஜர்ஸ் வழி ஆலோசனையும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் நான்காம் மாதத்தில் பொதுமருத்துவரின் வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் தந்தன; பன்னிரண்டாம் மாதத்தில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. 2021இல் இங்கிலாந்தில் 510 பேரை வைத்து வெளியான பெரிய ஆய்வில், ஆறு மாத அளவில் மனிதநேய வழி அறிவுசார் நடத்தைச் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை. ஓர் ஆண்டு முடிவில் பின்னது முந்தியது. ஆகவே மனச்சோர்வுக்கு இது பயனற்றது என்பது தவறு. நீண்டகாலத்தில் சமமானது என்பதும் ஐயத்துக்குரியது. கடுமையான மனப்பிளவு நோயாளிகளிடம் ரோஜர்ஸும் உடன்பணியாளர்களும் விஸ்கான்சினில் மேற்கொண்ட பெரும் முயற்சி எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை.

மறைந்திருக்கும் விலைகளில் பெரியது, தோல்வி தன்னைக் காட்டிக்கொள்ளாமை. இலக்கு முன்கூட்டியே வகுக்கப்படுவதில்லை; வீட்டுப்பணி இல்லை; ஆலோசகர் உங்களைக் கண்டிப்பதில்லை. வாரந்தோறும் ஒருவர் முழுமையாகக் கேட்கிறார் என்பதே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காகவே தொடர்ந்து சென்று, வாழ்க்கையில் எதையும் அசைக்காமல் இருந்துவிட முடியும். ரோஜர்ஸின் சகாவான யூஜின் ஜென்ட்லின் பதிவுகளை ஆராய்ந்து கண்டது இங்கே உதவும்: தொடக்க அமர்வுகளிலேயே, தெரிந்த கதையை ஒப்பிப்பதை விட்டு, பேசும் கணத்தில் உள்ளே எழும் தெளிவற்ற உணர்வைத் தடவித் தடவிச் சொல் தேடுபவர்களே பெரிதும் பயன்பெற்றார்கள். உங்கள் பேச்சு ஒவ்வொரு வாரமும் தடங்கலின்றிச் சரளமாக ஓடினால், அது கவலைப்பட வேண்டிய அறிகுறி.

இன்னொரு விலை, கோட்பாட்டின் நம்பிக்கையிலிருந்தே வருகிறது. மனிதனின் அடிப்படை இயல்பு நல்லது, தீமை வெளியிலிருந்து வருவது என்ற ரோஜர்ஸின் நோக்கை, அதே மனிதநேய முகாமைச் சேர்ந்த ரோலோ மே 1982இல் திறந்த மடல் ஒன்றில் எதிர்த்தார். அழிவுக்கான ஆற்றலும் மனிதனுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் வாதம். நடைமுறையில், பிறருக்கு நீங்கள் இழைக்கும் தீங்கே சிக்கலின் மையமாக இருக்கும்போது, ஏற்பு நிறைந்த அறை அதைத் தொடாமலே கடந்துவிடும் ஆபத்து உண்டு. உங்கள் உள்குரலைக் கேளுங்கள் என்ற அறிவுரையில், குடும்பத்தோடும் கடமைகளோடும் பின்னிப் பிணைந்த ஒருவரின் நிலைமைக்கு இடம் குறைவு என்ற விமர்சனமும் நியாயமானதே. நல்ல ஆலோசகர் அந்தப் பிணைப்பையும் உங்கள் அனுபவத்தின் பகுதியாகவே கேட்பார். பயிற்சி குறைந்தவர் அதை வெட்டியெறிய வேண்டிய தளையாகப் பார்ப்பார்.

பிறரின் எதிர்பார்ப்புகளை நிறைவேற்றி நிறைவேற்றித் தனக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாமல் போனவருக்கும், பெரிய இழப்புக்கோ வாழ்க்கைத் திருப்பத்துக்கோ பின் தன்னை மறுபடி அடையாளம் காண வேண்டியவருக்கும், முன்பு நாடிய உதவியில் அதட்டலையும் தீர்ப்பையும் மட்டும் சந்தித்து மனம் கூம்பியவருக்கும் இதுவே சிறந்த தேர்வு. கடைசியாகச் சொன்னவருக்கு ஏறக்குறைய மாற்றே இல்லை.

## அறிவுசார் நடத்தைச் சிகிச்சை

சி.பி.டி. என்று பரவலாக அறியப்படும் இந்த முறைக்கு, 1950களின் நடுவில் ஆல்பர்ட் எல்லிஸும் 1960களில் ஆரன் பெக்கும் அடித்தளமிட்டார்கள். பெக் உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வுற்றவர்களிடம் தானாக எழும் எண்ணங்களைக் கவனித்தபோது அந்தக் கோட்பாடு சொன்னது அங்கே இல்லை என்று கண்டு வேறு வழி தேடினார். நிகழ்ச்சிக்கு நாம் கொடுக்கும் பொருளே உணர்வைத் தீர்மானிக்கிறது, அந்தப் பொருளைக் கருதுகோளாக வைத்துச் சோதிக்கலாம் என்பது இதன் சாரம். "நான் பேசினால் எல்லோரும் சிரிப்பார்கள்" என்று நம்புபவர் உண்மையில் பேசிப் பார்த்து, எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணிக்கொண்டு வருகிறார்.

அளவுகோல்களில் இரண்டில் இது தெளிவாக முந்துகிறது. திடீர்ப் பீதி, குறிப்பிட்ட அச்சங்கள், ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் (விடாமல் துரத்தும் எண்ணங்களும், அவற்றைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களும்) ஆகியவற்றுக்கு, அஞ்சும் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் இதன் உத்திகளுக்கு வலுவான சான்று இருக்கிறது. ஓசிடி உள்ள ஒருவர் ஆண்டுக்கணக்கில் பரிவோடு கேட்கப்பட்டும் கை கழுவுவதை நிறுத்த முடியாமல் இருப்பது தவிர்க்கக்கூடிய துன்பம். அடுத்து, பலிக்கிறதா இல்லையா என்பது விரைவில் தெரிந்துவிடும்: இலக்கு எழுதப்படுகிறது, அறிகுறிகள் அளக்கப்படுகின்றன, பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளுக்குள் ஒரு முடிவு எட்டப்படுகிறது.

இதற்கும் மறைவான விலை உண்டு. அமர்வுக்கு வெளியே செய்ய வேண்டிய பணி அதிகம். குறிப்பேடும் பயிற்சியும் இல்லாமல் வாரம் ஒரு மணி நேரம் வந்து போவதால் பெரிய பயனில்லை. ஏற்கெனவே தன்னைத்தானே ஓயாமல் திருத்திக்கொண்டிருப்பவர் கையில் எண்ணப் பதிவேடு இன்னொரு தேர்வுத்தாளாக மாறிவிடலாம். மேலும், சில துயரங்கள் தவறான எண்ணத்தால் வருபவை அல்ல. வாழ்க்கை உண்மையிலேயே பொருந்தாமல் இருக்கும்போது அதைப் பற்றிய எண்ணத்தைச் சீர்செய்வது கேள்வியைத் தள்ளிப்போடுவதாகும்.

## உள இயக்கவியல் சிகிச்சை

ஃபிராய்டின் மூல முறையில் வாரத்தில் பல நாள் படுக்கையில் சாய்ந்து மனத்தில் தோன்றியதைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து கிளைத்த இன்றைய உள இயக்கவியல் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஓரிரு முறை எதிரெதிரே அமர்ந்து நடக்கிறது. குறுகிய கால வடிவங்களும் உண்டு. சிகிச்சையாளரிடம் உங்களுக்கு எழும் எரிச்சல், அச்சம், அவர் மெச்ச வேண்டும் என்ற தவிப்பு ஆகியவை பழைய உறவுகளின் எதிரொலிகளாக எடுத்து ஆராயப்படுகின்றன என்பதே இதன் தனித்தன்மை. ரோஜர்ஸ் வழியில் உறவே மருந்து. இங்கே உறவு பரிசோதனைப் பொருளும்கூட.

சான்றே இல்லை என்று இதை ஒதுக்கியவர்களுக்கு ஜொனதன் ஷெட்லரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை வலுவான மறுப்பாக அமைந்தது. பயன் மற்ற முறைகளுக்கு நிகராக இருப்பதோடு சிகிச்சை முடிந்த பின்னும் தொடர்கிறது என்று அவர் வாதிட்டார். அதன் சில கணக்கீடுகள் பின்னர் விவாதத்துக்கு உள்ளாயின. காலமும் செலவும் மூன்றிலும் இதற்கே அதிகமாகும் வாய்ப்பு. பலிக்கவில்லை என்ற உங்கள் முறையீடே மனத்தின் எதிர்ப்பு என்று விளக்கப்பட்டுவிடலாம் என்பது இதன் மிகக் கூரிய ஆபத்து. அப்படியொரு அறையில் தோல்வியை நிறுவ வழியே இருக்காது. ஒரே வடிவில் மீண்டும் மீண்டும் முறியும் உறவுகள் உங்கள் சிக்கல் என்றால், இந்த விலைகளையும் ஏற்று இதைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இருக்கிறது.

## ஆளுமைத் தேர்வுகள் போதாவா?

போதா. மனிதர்களை விவரிக்கும் சொற்களை அகராதியிலிருந்து திரட்டும் பணியில் உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் ஓட்பர்ட்டும் 1936இல் ஏறத்தாழ 18,000 சொற்களைப் பட்டியலிட்டார்கள். அந்த மரபு வளர்ந்து, ஆளுமையை ஐந்து அடிப்படைப் பண்புகளால் அளக்கும் இன்றைய ஐம்பெரும் பண்புக்கூறுகளில் வந்து நிற்கிறது. நன்கு அமைக்கப்பட்ட தேர்வு, பிறரோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று நம்பகமாகச் சொல்லும். ஏன் அங்கே நிற்கிறீர்கள், நகர விரும்பினால் என்ன செய்வது என்பவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | மனிதநேய வழி | அறிவுசார் நடத்தை வழி | உள இயக்கவியல் வழி |
|---|---|---|---|
| பொருந்தும் கேள்வி | எனக்கு உண்மையில் என்ன வேண்டும்? | இந்த அச்சத்தை எப்படிக் கடப்பது? | ஏன் மீண்டும் மீண்டும் இதே முடிவு? |
| சான்று | மனச்சோர்வுக்கு நன்று. ஓசிடி, பீதி போன்றவற்றுக்கு மெலிவு | பதற்ற நோய்களுக்கு மிக வலுவானது | கணிசமானது, விவாதத்துக்கு உரியது |
| காலம் | திறந்த முடிவு | பெரும்பாலும் 12–20 அமர்வுகள் | மாதங்கள் முதல் ஆண்டுகள் |
| உங்கள் உழைப்பு | அமர்வுக்குள் உள்நோக்கிக் கவனித்தல் | அமர்வுக்கு வெளியே பயிற்சி | அமர்வில் எழும் உணர்வுகளை மறைக்காமை |
| தோல்வி தெரியவரும் வேகம் | மெதுவாக | விரைவாக | மிக மெதுவாக |

## இரண்டுக்கு நடுவில் நிற்பவர்களுக்கு

மூன்று வழிகளுக்கும் இடையிலான சுவர் கோட்பாட்டு நூல்களில் தெரியும் அளவுக்கு நடைமுறையில் உயரமில்லை. 2018இல் ஏறத்தாழ 300 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பகுப்பாய்வு, எந்த முறையாக இருந்தாலும் சிகிச்சையாளரோடு அமையும் உறவின் தரத்துக்கும் கிடைக்கும் பயனுக்கும் இடையே 0.28 அளவிலான தொடர்பைக் கண்டது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). மிகப் பெரிய எண் அன்று. ஆனால் முறைக்கு முறை மாறாமல் தென்படுகிறது. போதைப் பழக்கத்தை விட விரும்புவோருக்காக வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்த ஊக்க நேர்காணல் என்ற முறை, ரோஜர்ஸின் ஒத்துணர்வோடு மாற்றத்தை நோக்கிய தெளிவான திசையையும் சேர்த்துக்கொண்டது.

ஆகவே வரிசை பற்றியும் யோசிக்கலாம். பெயர் சூட்டத்தக்க அறிகுறி ஒன்று அன்றாட வாழ்வை முடக்கிக்கொண்டிருந்தால், முதலில் அதை அறிவுசார் நடத்தைச் சிகிச்சையால் தணித்துவிட்டு, எஞ்சும் பெரிய கேள்வியோடு மனிதநேய ஆலோசகரிடம் செல்வதே என் பரிந்துரை. ஒருவர் முன் வாய் திறக்கவே அஞ்சுபவருக்கு மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்குவேன்.

முதல் சந்திப்பிலேயே ஆலோசகரிடம் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு: எந்த வழியில், யாருடைய மேற்பார்வையில் பயின்றீர்கள், என்னைப் போன்ற சிக்கலில் முன்னேற்றத்தை எப்படி அறிவீர்கள், எது நடந்தால் என்னை வேறொருவரிடம் அனுப்புவீர்கள்? மனிதநேய வழியைத் தேர்ந்தெடுத்தவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம், ஏனெனில் அந்த முறை தானாக அதை எழுப்பாது. ஆறாவது அமர்வை மறுபரிசீலனைக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லுங்கள். அன்று, தொடங்கியதிலிருந்து அமர்வுக்கு வெளியே நீங்கள் வேறுவிதமாகச் செய்த ஒரு செயலையாவது பெயர்சொல்லிக் குறிப்பிட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை அந்த அறையிலேயே சொல்ல வேண்டும். பாசாங்கின்மையைத் தன் தூண்களில் ஒன்றாகக் கொண்ட ஆலோசகர் அதைக் கேட்டு முகம் சுளித்தால், வேறொருவரைத் தேடத் தயங்க வேண்டியதில்லை.